குலைநிலமும் களையும்: வன்னியிற் பார்த்தீனியத்தின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாற்றை ஆராய்வோர் அரசியல் ஆவணங்களையும் குடித்தொகைக் கணக்குகளையும் இடப்பெயர்வு பற்றிய வாய்மொழிச் சான்றுகளையும் நாடுவர். அந்நிலத்தில் எந்தச் செடி எப்போது வந்து எவ்விடத்தில் வேரூன்றியது என்பதை வரலாற்றுக்குரிய வினாவாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இல்லை. அது தாவரவியலாளரின் வேலை என விட்டுவிடுகிறோம். எனினும் கடந்த சில தசாப்தங்களில் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரை பரவிவிட்ட பார்த்தீனியம் என்னும் களையைப் பொறுத்தவரையில் இப்பிரிவினை பொருந்துவதாக இல்லை. அதன் வருகை பற்றி மக்கள் கூறும் கதை அரசியற் கதை. அது பரவிய பாதை பெரும்பாலும் போரின் பாதை. அது இன்று நிற்கும் இடங்களோ நிலவுடைமையின் வரைபடத்தோடு ஒத்துச் செல்வன. இம்மூன்றனுள் இறுதியாகச் சொன்னதே போதிய கவனம் பெறாதது. கிளிநொச்சி மாவட்டத்து உருத்திரபுரத்தை நிலைக்களனாகக் கொண்டு அதனை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பார்த்தீனியம் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்துக்குத் தாவரவியலார் அஸ்ரெர் என்னும் பூஞ்செடியின் பெயரால் அஸ்ரெரேசியே எனப் பெயர் வழங்குவர். லின்னேயஸ் 1753இல் இச்செடிக்கு இட்ட பெயரின் முற்பகுதி கன்னி என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியிலிருந்து பிறந்தது. இதன் தாயகம் மெக்சிக்கோ வளைகுடாவைச் சூழ்ந்த வெப்பமண்டல அமெரிக்கப் பகுதி. கரற் செடியின் இலைபோல வெட்டுண்ட இலையும், சிறிய வெண்ணிறப் பூந்தலைகளும் உடையது. முளைத்து நான்கு முதல் ஆறு வாரங்களிற் பூக்கத் தொடங்கும். நன்கு வளர்ந்த ஒரு செடி பதினையாயிரம் முதல் இருபத்தையாயிரம் வரை விதைகளைத் தரும் என்பர். விதைகள் மண்ணுட் பல ஆண்டுகள் உயிருடன் கிடக்க வல்லன. இலையிலும் பூவிலும் உள்ள பார்த்தெனின் என்னும் பொருள் அயற்செடிகளின் முளைப்பைத் தடுப்பதோடு மனிதத் தோலில் ஒவ்வாமை அழற்சியையும் உண்டாக்குகிறது. இதனை உண்ட பசுவின் பாலிற் கைப்பு ஏறும். ஆயின் இத்தனை வலிமையுடைய செடிக்கு ஒரு பெருங் குறைபாடும் உண்டு. மூடிய காட்டினுள்ளும், அடர்ந்த புற்றரையிலும், நீர் தேங்கி நிற்கும் வயலிலும் இதனால் நிலைகொள்ள முடியாது. வெறுமையாக்கப்பட்ட, வெயில் விழும், ஏற்கெனவே வேறெதுவோ அகற்றப்பட்ட மண்ணே இதற்கு வேண்டும். கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் இவ்வொரு பண்பைச் சார்ந்தே அமைவதால் வாசகர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.

இலக்கிய மாணவராகிய நம்மை இச்செடியின்பால் முதலில் ஈர்த்தவை அதன் பெயர்களே. வட இந்தியாவில் இதற்குக் காங்கிரஸ் புல் என்று பெயர். 1950களின் நடுப்பகுதியிற் பூனாவில் இது பரவலாகக் கண்டறியப்பட்டது. அமெரிக்காவின் பொதுச்சட்டம் 480இன் கீழ் வந்த கோதுமையோடு இதன் விதையும் வந்தது என்றும், அக்கோதுமையை இறக்கியது காங்கிரஸ் அரசாதலால் இப்பெயர் அமைந்தது என்றும் கூறுவர். பெயருக்கு வேறொரு விளக்கமும் உண்டு. செடியின் வெண்பூக்கள் காங்கிரஸ்காரரின் வெள்ளைத் தொப்பியை நினைவூட்டின என்பது அது. வெள்ளைத் தொப்பி என்ற பெயரும் இந்தியில் வழங்குவது இதற்கு ஆதரவாகும்.

கோதுமைக் கதை நம்போன்றோர்க்கு மிகவும் உவப்பானது. உணவு உதவி என்ற பெயரில் ஏகாதிபத்தியம் களையையும் ஏற்றுமதி செய்தது என்பதைவிடச் சிறந்த உருவகம் வேறென்ன வேண்டும்? ஆயினும் உவப்பானது என்பதற்காக ஒன்றை வரலாறாகக் கொள்ளுதல் மார்க்சிய ஆய்வுமுறை ஆகாது. பொதுச்சட்டம் 480 ஐக்கிய அமெரிக்காவில் 1954 யூலையில் நிறைவேறியது. இந்தியா அதன்கீழ் முதல் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டது 1956 ஓகஸ்டில். பூனாவில் செடி கண்டறியப்பட்டதோ அதற்கு முன்பு. 1951ஆம் ஆண்டின் கோதுமைக் கடனைச் சுட்டி இக்கதையைக் காப்பாற்ற முயலலாம். ஆனால் கல்கத்தாத் தாவரவியற் பூங்காவின் செடிகளை உறொக்ஸ்பேர்க் 1814இற் பட்டியலிட்ட நூலிலேயே இச்செடியின் பெயர் உண்டு எனப் பின்வந்த ஆய்வாளர் சுட்டிக்காட்டியுள்ளனர். அவ்வாறாயின் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்திலேயே இச்செடி இந்திய மண்ணை மிதித்துவிட்டது. ஒன்றரை நூற்றாண்டு அது ஏன் அடங்கிக் கிடந்தது, 1950களுக்குப் பின் ஏன் பொங்கியெழுந்தது என்பதே உண்மையான வினா. விதை வந்த நாளைக் கண்டுபிடிப்பதனால் மட்டும் அதற்கு விடை கிடையாது.

ஏனைய நாடுகளிலும் இதே வகைக் கதைகளைக் காண்கிறோம். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இது 1955 அளவில் இனங்காணப்பட்டபோது, இரண்டாம் உலகப் போரில் வந்த அமெரிக்க விமானங்களின் உதிரிப்பாகங்களோடு வந்தது என்றனர். எதியோப்பியாவில் 1970களின் இறுதியில் நிகழ்ந்த ஒகடென் போரின் இராணுவ வாகனங்கள் கொண்டுவந்தன என்போரும், 1980களின் பஞ்சத்தின்போது வந்த உதவித் தானியம் கொண்டுவந்தது என்போரும் உளர். அங்கு இதற்கு வழங்கும் ஒரோமோப் பெயர்களுள் ஒன்று, நிலத்தை விட்டகலக் கையொப்பம் இட வைப்பது என்னும் கருத்துடையது எனப் பொருள் கூறுவர். குடியானவரின் சொல்லாக்கத் திறனை வியக்காமல் இருக்க முடியவில்லை. கேரளத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றோர் அமெரிக்கக் களைக்குக் கம்யூனிஸ்ட் பச்சை என்று பெயர். இயக்கமும் செடியும் ஒரே காலத்தில் ஒரே வேகத்திற் பரவியமையால் வந்த பெயர் என்பர். அதை ஏசலாகக் கொள்வதா பாராட்டாகக் கொள்வதா என்பதை வாசகர் தத்தம் சார்புக்கேற்ப முடிவு செய்துகொள்ளலாம்.

இப்பெயர்களோடு ஒப்பிடும்போது ஈழத்துத் தமிழில் ஒரு வெறுமை தென்படுகிறது. இங்கு இச்செடிக்கு மக்கள் படைத்த பெயர் ஒன்று நிலைபெறவில்லை. பார்த்தீனியம், பாதீனியம் என இருவாறாக எழுதப்படுவது விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரங்களும் பத்திரிகைகளும் தந்த சொல்லே. இதே குடும்பத்தைச் சேர்ந்து இதே அமெரிக்காவிலிருந்து முன்னர் வந்த இன்னொரு சிறுசெடி வெட்டுக்காயப் பூண்டு, மூக்குத்திப் பூண்டு என்னும் பெயர்களைப் பெற்று, நாட்டு வைத்தியத்துள்ளும் புகுந்து, அந்நியம் என்ற நினைவே அற்றுப்போயிற்று. வந்தேறி என்பதனால் மட்டும் ஒரு செடி வெறுக்கப்படுவதில்லை என்பதற்கு அது தக்க சான்று. புழங்குவதற்கு ஒரு பயனும், பெயரிட்டுப் பழகுவதற்கு ஓரளவு அமைதியான காலமும் வேண்டும். பார்த்தீனியம் வந்த காலத்தில் வன்னிக்கு அவ்வமைதி வாய்க்கவில்லை.

இலங்கையில் இச்செடி முதன்முதலாக இனங்காணப்பட்டது 1999இல், வவுனியாவில். அதன் வருகைக்கு இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. ஒன்று, 1987 யூலை முதல் 1990 மார்ச் வரை வடக்குக் கிழக்கில் நிலைகொண்டிருந்த இந்திய அமைதி காக்கும் படையினர் இறைச்சிக்கெனக் கொணர்ந்த ஆடுகளோடு வந்தது என்பது. மற்றது, இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்ட மிளகாய், வெங்காய விதைகளிற் கலந்து வந்தது என்பது. இரண்டும் இயலக்கூடியனவே. ஆயின் மக்களிடையே செல்வாக்குப் பெற்றது முதலாவது கதைதான். படை வெளியேறியதற்கும் செடி பதிவானதற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் உள்ளன. அவ்வாண்டுகளில் வன்னியின் பெரும்பகுதியிற் செடிகளைக் கணக்கெடுக்கத்தக்க சூழ்நிலை இருக்கவில்லை. ஆகவே கதையை மறுப்பதற்கும் நிறுவுவதற்கும் வேண்டிய சான்றை அப்போரே அழித்துவிட்டது எனலாம்.

ஆட்டுக் கதை விரும்பப்படுவதன் காரணம் வெளிப்படை. அக்காலத்து அனுபவம் அத்தகையது. படை நீங்கியும் அதன் தடம் நீங்கவில்லை என்ற உணர்வைச் செடியொன்று கண்முன் காட்டி நிற்கிறது. இவ்வகையில் அது ஒரு நியாயமான அரசியற் கூற்று. ஆனால் விதைக் கதையைப் பேசினால், இறக்குமதி விதை யார் கையால் வந்தது, யார் இலாபமடைந்தார், யாருடைய காணியில் விதைக்கப்பட்டது என்ற வினாக்கள் எழும். 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வடபகுதி விவசாயி கண்ட செழிப்பையும், 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அச்செழிப்பை முறித்த விதத்தையும் நாம் அறிவோம். விதைக்கும் நஞ்சுக்கும் உரத்துக்கும் சந்தையையே நம்பியிருக்கும் பயிர்ச்செய்கை அக்காலத்தில் வேரூன்றியது. அயலான் கொண்டுவந்த ஆடு என்னும் கதை இவ்வுள்வீட்டுக் கணக்கைக் கேட்கவிடாது செய்கிறது. அதன் கருத்துநிலைப் பணி இதுவே.

விதை எவ்வழி வந்திருப்பினும் அதனை வரவேற்ற நிலம் எத்தகையது? இச்செடி விரும்பும் நிலத்தை, அதாவது இயல்பான மூடுசெடி நீக்கப்பட்டு மண் கிளறப்பட்டுக் கைவிடப்பட்ட நிலத்தை, குலைநிலம் எனத் தமிழிற் சொல்லலாம் எனக் கருதுகிறோம். இக்கருத்து நமது மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நானிலங்களுக்கு நிலம் வகுத்து, பாலைக்குத் தனிநிலம் வகுக்காது விட்டமை நாமறிந்ததே. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. திணைக் கோட்பாட்டைச் சமூக வளர்ச்சியின் சமச்சீரின்மையோடு இணைத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் எழுதிய ஆங்கிலக் கட்டுரை இத்துறையில் வழிகாட்டியாகும். பாலை என்பது ஓர் இடமன்று, நிலம் அடையும் ஒரு நிலைமை. வழிப்பறியும் பிரிவும் அங்கு பொருளாவது அதனாலேயே. குலைநிலத்தையும் அவ்வாறே நிலைமையாகக் கொள்ளவேண்டும். கோடை பாலையை ஆக்கியது என்று மரபு கூறும். வன்னியின் குலைநிலத்தை ஆக்கியதிற் கோடைக்கு உள்ள பங்கு சிறிது.

உருத்திரபுரத்திற்கு வருவோம். உருத்திரபுரீஸ்வரர் கோயிலின் தொன்மை பற்றி எழுதியோர் பலர். நமக்கு இங்கு வேண்டியது அதன்பின் வந்த வாய்க்கால்களின் வரலாறே. இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது. கிளிநொச்சியிற் குடியேற்றம் 1930களில் ஆரம்பமாயிற்று. இரணைமடுவின் கீழுள்ள ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல்நிலத்தில் உருத்திரபுரத்து வயல்களும் அடங்கும். எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று இடங்களுக்கே வாய்க்கால் எண் பெயராகிவிட்ட ஊர் அது. குடியேறியோர்க்கு வயற்காணியும் மேட்டுக்காணியும் அனுமதிப்பத்திரத்தின்மேல் வழங்கப்பட்டன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் இதற்கு அடிப்படை. காணி துண்டாடப்படுவதைத் தடுப்பதற்காக, அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளியைப் பெயர் குறித்து நியமிக்கும் முறையை அச்சட்டம் வகுத்தது. காணி ஒன்றாய் நின்றது. குடும்பம் ஒன்றாய் நிற்கவில்லை. நியமனம் பெறாத பிள்ளைகள் மேட்டுக்காணியின் மூலையிலும், வாய்க்கால் ஒதுக்கிலும், பற்றைக்காட்டு விளிம்பிலும் குடிசை போட்டனர். இவர்களோடு 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களினால் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கிளிநொச்சி மாவட்டத்தில் அவர்களிற் பெரும்பாலார்க்குக் கிடைத்தது நீர் பாயாத மேட்டுநிலம்; வயலில் அவர்களுக்கு இருந்த உரிமை கூலி உரிமை மட்டுமே.

இந்நிலப்பிரிவின்மீது செடியை வைத்து நோக்குவோம். காலபோகத்தில் நீர் கட்டப்பட்ட வயலினுட் பார்த்தீனியம் நிற்பதில்லை. அங்கு கமக்காரனின் பகை கோழிச்சூடனும் நெற்சப்பியுமே. பார்த்தீனியம் நிற்பது வரம்பில், வாய்க்காற் கரையில், கிறவல் வீதியின் ஓரத்தில், வேலியற்ற வளவில், கைவிட்ட தோட்டத்தில். சிறுபோகத்துக்குக் குளத்து நீர் போதாமையால் ஒரு பகுதி வயல்களே விதைக்கப்படுகின்றன. தரிசாகக் கிடக்கும் ஏனையவற்றின் விளிம்புகளும் அதற்கு இடங்கொடுக்கின்றன. மிளகாய், கச்சான், உழுந்து ஆகியன செய்யப்படும் மேட்டுக்காணியில் அது நேரடிப் பகையாகிறது. ஆக, நீருரிமை உள்ள காணியின் உட்புறம் ஒருவாறு தப்புகிறது. நீருரிமை அற்றவனின் காணியும், எவனுக்கும் உரிமையற்றதாகக் கருதப்பட்டு நிலமற்றவர் குடியேறிய ஒதுக்குநிலமும் அதன் பிடிக்குள் வருகின்றன. இயற்கையின் பொதுவான தாக்குதல் என எதனைச் சொல்கிறோமோ அது வர்க்கப் பிரிவினையின் வழியே வந்து சேர்கிறது.

போர் இதனைப் பன்மடங்காக்கியது. 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரை இராணுவம் கைப்பற்றியபோது சுற்றுப்புறக் கிராமங்கள் வெறுமையாயின. 1998 செப்ரெம்பரில் விடுதலைப் புலிகள் அதனை மீட்டனர். 2002இன் போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறந்தது. ஆண்டுக்கணக்காகப் பிரிந்து கிடந்த வவுனியாவும் யாழ்ப்பாணமும் லொறிகளால் இணைந்தன. குடாநாட்டுத் தோட்டங்களுக்கு வன்னியின் மாட்டெரு செல்வது நெடுநாள் வழக்கம். எருவிலும் வைக்கோலிலும் சக்கரச் சேற்றிலும் விதை பயணஞ்செய்ததென ஊகிப்பதிற் பிழையில்லை. 2009 சனவரி 2ஆந் திகதி நகர் மீண்டும் இராணுவத்தின் வசமாயிற்று. அவ்வாண்டில் வன்னி மக்கள் ஏறத்தாழ முழுமையாகப் பெயர்க்கப்பட்டு, இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வவுனியாவின் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். இறுதி முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். செடி முதன்முதல் இனங்காணப்பட்ட மாவட்டத்திற் பல மாதங்கள் தங்கிய மக்கள், மாரி மழைகள் பலவற்றில் உழப்படாது கிடந்த வளவுகளுக்குத் திரும்பினர். பின்னர் கண்ணிவெடி அகற்றுவதற்காக மண் கிளறப்பட்டது. வீதிகளுக்குக் கிறவல் கொட்டப்பட்டது. புகையிரதப் பாதை 2013இற் கிளிநொச்சியையும் 2014இல் யாழ்ப்பாணத்தையும் மீண்டும் எட்டியது. அழிவு மட்டுமன்றி அபிவிருத்தியும் குலைநிலத்தை உற்பத்தி செய்யும். கண்ணிவெடி அகற்றியதைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. கிளறிய மண்ணை மூடுவதற்குப் புல்லோ பயிரோ இடும் பொறுப்பு எந்தத் திட்டத்தின் செலவுக் கணக்கிலும் இடம்பெறாமையையே சுட்டுகிறோம்.

களை பிடுங்குவது யார் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதி. தோட்டத்திற் களை எடுத்தல் வன்னியில் பெரும்பாலும் பெண்களின் கூலிவேலை. 1970களிற் பூனாவில் இச்செடியினால் ஒவ்வாமைத் தோலழற்சி கண்டோரைத் தோல் மருத்துவர் ஆராய்ந்தபோது அவர்களுட் கணிசமானோர் வயலில் உழைப்போராயிருந்தனர். வெறுங்கையாற் பிடுங்குவோர்க்கு நோய் வருவதும், பிடுங்கச் சொல்வோர்க்கு வராதிருப்பதும் செடியின் நச்சுத்தன்மையால் மட்டும் விளங்கிக்கொள்ளத்தக்கதன்று. 2013இல் அமைந்த வடக்கு மாகாண சபையின் விவசாய அமைச்சு பார்த்தீனிய ஒழிப்பைத் தன் பணிகளுள் ஒன்றாக மேற்கொண்டது. பாடசாலை மாணவரும் பொது அமைப்புகளும் பங்குபற்றும் சிரமதானங்கள் நிகழ்ந்தன. அவற்றின் நன்னோக்கத்தை ஐயுறவேண்டியதில்லை. ஆயின் விதை பல ஆண்டுகள் மண்ணிற் கிடக்கும் ஒரு செடியை ஆண்டுக்கொருநாட் சிரமதானத்தால் எதிர்கொள்ள முனைவது, கூலி கொடுத்துத் தொடர்ந்து செய்விக்கவேண்டிய வேலையைத் தொண்டாக மாற்றுவதாகும். பூத்தபின் பிடுங்கி வீதியோரம் குவித்துவிட்டுப் போனால் அவ்வேலையே விதைப்பாகவும் முடியும். கையுறையும், பூப்பதற்கு முன் பிடுங்கும் காலக்கணக்கும், அந்தந்த மாரியிற் தொடர்ந்து வேலை செய்வோர்க்கு நாட்கூலியும் இன்றி இச்செடி குறைந்த இடத்தை நாம் அறியோம். இந்தியாவில் 1984இல் மெக்சிக்கோ வண்டு ஒன்றை இதன்மீது விட்டு ஓரளவு பயன் கண்டனர். அவ்வழியும் ஆண்டுக்கணக்கான கண்காணிப்பையே வேண்டுகிறது.

எஞ்சியிருப்பது சட்டத்தின் பார்வை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம், செடி வவுனியாவில் இனங்காணப்பட்ட அதே ஆண்டிலே வந்தது. இத்தகைய சட்டங்கள் களையை அழிக்கும் கடமையைக் காணிக்குரியோர்மீது சுமத்துவது இயல்பு. உருத்திரபுரம் போன்ற குடியேற்றக் கிராமமொன்றில் அக்கடமை யாரைச் சென்றடையும்? அனுமதிப்பத்திரம் இறந்துபோன தந்தையின் பெயரில் இருக்கலாம்; பின்னுரித்தாளி கனடாவில் இருக்கலாம்; காணியை இவ்வாண்டு குத்தகைக்கு எடுத்தவர் மிளகாய் முடிந்ததும் விட்டுப் போகலாம். வாய்க்காற் கரை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியது. அக்கரையில் முப்பது ஆண்டாகக் குடியிருந்து, தன் வாசலிற் பூத்து நிற்கும் செடியைப் பிடுங்குகின்ற பெண்ணின் பெயர் எந்தக் காணிப் பதிவேட்டிலும் இல்லை.